மூன்று பழைய படங்கள், நான்கு கார்கள்: எந்த மாடல், எந்த ஆண்டு?

பழைய_ஆல்பம் எழுதியது:

வணக்கம். ஒரு குடும்ப ஆல்பத்தைத் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறோம். படங்களின் பின்னால் எதுவும் எழுதப்படவில்லை. கார் எது என்று தெரிந்தால் ஆண்டை ஓரளவு நெருங்கலாம் என்பதால் இங்கே கேட்கிறேன். மூன்றுமே ஆறுக்கு ஒன்பது சென்டிமீட்டர் பிரின்ட், ஓரம் பல்பல்லாக வெட்டியது.

படம் 1: காரைக்குடிப் பக்கம், வீட்டு வாசல். கறுப்புக் கார், நான்கு கதவு. கிட்டத்தட்ட நேர் பக்கவாட்டில் நிற்கிறது. முன்கண்ணாடி நடுவில் கம்பி வைத்து இரண்டாகப் பிரிந்தது. ஹெட்லைட் மட்கார்டின் மேல். நம்பர் பிளேட்டில் முதல் எழுத்து ‘எம்’ மட்டும் தெரிகிறது. வீட்டில் எல்லோரும் மோரிஸ் மைனர் என்கிறார்கள்.

படம் 2: சென்னை, கல்யாண வீட்டு வாசல். வெளிர் நிறச் சின்னக் கார், நான்கு கதவு. முன்கதவு திறந்திருக்கிறது, ஆனால் வழக்கத்துக்கு மாறாக முன்பக்கம் திறந்து, பின்பக்கக் கீலில் தொங்குகிறது. அதற்குப் பின்னால் இன்னொரு காரின் பின்புறம்: கூரையிலிருந்து பம்பர் வரை ஒரே வளைவாக இறங்குகிறது, தனி டிக்கி துருத்தவில்லை.

படம் 3: யாழ்ப்பாணத்து உறவினர் அனுப்பியது. பார்த்ததும் அம்பாசிடர் என்று தோன்றுகிறது. நம்பர் பிளேட்டில் ஓர் இலக்கம், ஸ்ரீ எழுத்து, பிறகு நான்கு இலக்கங்கள்.

படங்களுக்குக் கீழே என்ன எழுதலாம்?


ஆயில்_கேன் எழுதியது:

படம் 1-ஐ முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நம் ஊர்ப் படங்களில் அதிகம் தப்பாக எழுதப்படுவது இந்த முகம்தான். நான்கு கதவு, பிளவுக் கண்ணாடி, மட்கார்டில் ஹெட்லைட் என்றால் இரண்டு கார்கள் போட்டிக்கு வரும். ஒன்று மோரிஸ் மைனர். இன்னொன்று அதன் அண்ணன், 1948-இல் அதோடு சேர்ந்தே வந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு எம்.ஓ. இந்த ஆக்ஸ்ஃபோர்டைத்தான் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1949 முதல் 1954 வரை ‘இந்துஸ்தான் 14’ என்ற பெயரில் விற்றது. பக்கத்தில் ஆள் இல்லாமல் தனியாக நிற்கும் படத்தில் இரண்டும் ஒரே அச்சுதான். அளவுதான் வேறு: மைனர் 148 அங்குல நீளம், ஆக்ஸ்ஃபோர்டு 166 அங்குலம்.

பிரிக்கும் வழிகளை நம்பகமான வரிசையில் சொல்கிறேன்.

கண்ணாடி வழியாக உள்ளே பாருங்கள். மைனருக்கு முன்னால் தனித்தனி சீட், ஃப்ளோர் கியர். ஆக்ஸ்ஃபோர்டுக்கு முன்னால் ஒரே நீள சீட், ஹேண்ட் கியர். முன்சீட்டின் மேல்விளிம்பு இடைவெளியில்லாமல் கோடாக ஓடினால் ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் சாயலாம். டிரைவர் பக்கக் கண்ணாடி இறக்கியிருந்தால் ஸ்டீயரிங்குக்குக் கீழே கியர் தண்டு தெரிகிறதா பாருங்கள். முன்சீட்டில் மூன்று பேர் வசதியாக உட்கார்ந்திருந்தாலும் கிட்டத்தட்ட முடிவு வந்த மாதிரிதான்.

அடுத்து பானெட். முன்பக்கம் தெரிந்தால் மைனருக்கு நடுவில் நீளவாக்கில் ஒரு தட்டையான பட்டை ஓடும். அதற்குக் காரணம் உண்டு. வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், தயாரிப்பு தொடங்கும் முன் மாதிரிக் காரை நடுவில் அறுத்து இரண்டு பாதியையும் நகர்த்தி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகலப்படுத்தினார். அந்த நான்கு அங்குலம்தான் பானெட்டில் பட்டையாக நிற்கிறது. பழைய அகலத்துக்குப் பம்பர்கள் ஏற்கெனவே தயாராகிவிட்டதால், அவற்றையும் நடுவில் வெட்டி இடையில் ஒரு துண்டு வைத்து மூடினார்கள். ஆரம்பகால மைனர் படங்களில் பம்பர் நடுவில் அந்த ஒட்டு தெளிவாகத் தெரியும். ஆனால் அந்த ஆரம்ப மைனர்களின் ஹெட்லைட் கீழே, கிரில்லோடு சேர்ந்து இருக்கும். உங்கள் படத்தில் லைட் மேலே இருப்பதால் பம்பர் ஒட்டைத் தேட வேண்டாம், பட்டையை மட்டும் தேடுங்கள்.

மைனர்தான் என்று முடிவானால் ஆண்டை நெருக்குவது சுலபம். நான்கு கதவு 1950 கடைசியில்தான் வந்தது. பிளவுக் கண்ணாடி 1956 வரை. 1954 அக்டோபருக்கு முன் கிரில் நெருக்கமான சல்லடை மாதிரி, பிறகு படுக்கைக் கம்பிகள். 1956-இல் மைனர் 1000 வந்ததும் முன்கண்ணாடி வளைந்த ஒற்றைக் கண்ணாடி ஆகிவிட்டது.

இதெல்லாம் தெரியாத அளவுக்குப் படம் மங்கல் என்றால் அளந்துவிடலாம். பக்கவாட்டுப் படம் என்பதால் உங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது. செய்முறை:

முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை பிக்சலில் அளக்கவும். பிறகு இரும்பு ரிம்மின் குறுக்களவை இரண்டு சக்கரத்திலும் எடுத்துச் சராசரி போடவும். டயரின் வெளிவிட்டத்தை எடுக்காதீர்கள். காற்றுக் குறைவு, தேய்மானம், வேறு அளவு டயர் என்று அது ஏமாற்றும். ரிம் ஏமாற்றாது. ரிம்மின் உயரத்தை விட்டு அகலத்தை எடுங்கள். கார் லேசாகத் திரும்பி நின்றால் சக்கரம் முட்டை வடிவில் தெரியும், இரு சக்கரங்களுக்கு இடையிலுள்ள தூரமும் அதே விகிதத்தில் குறுகும். அகலத்தால் வகுத்தால் அந்தக் குறுகல் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும். முன்சக்கரம் திருப்பி வைத்திருந்தால் அதை விட்டுவிட்டுப் பின்சக்கரத்தை மட்டும் எடுங்கள், பிழை கொஞ்சம் கூடும்.

இனி விகிதம். ரிம் அளவு 14 அங்குலம் என்றால் அது டயர் உட்காரும் இடத்தின் விட்டம். வெளியே தெரியும் உதட்டுக்காக ஏறக்குறைய ஒன்றேகால் அங்குலம் கூட்ட வேண்டும். மைனர்: சக்கர இடைவெளி 86 அங்குலம், அதை 15.25-ஆல் வகுத்தால் 5.64. ஆக்ஸ்ஃபோர்டு எம்.ஓ: 97-ஐ 16.25-ஆல் வகுத்தால் 5.97. ஆஸ்டின் ஏ40 சோமர்செட்டுக்கு 16 அங்குல ரிம், சக்கர இடைவெளி 92.5, அதனால் 5.36. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு 91.5, ரிம் 13, ஆகவே 6.42. மைனருக்கும் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆறு சதவீதம்தான். ரிம் 100 பிக்சலுக்குக் கீழே இருந்தால் உங்கள் கைத்தவறே அதை விழுங்கிவிடும். ரிம் 150 பிக்சலாவது வரும்படி ஸ்கேன் செய்தபின் அளக்கவும்.

ஒரு எச்சரிக்கை: இந்துஸ்தான் மோட்டார்ஸின் பிந்திய கார்களான லேண்ட்மாஸ்டர், அம்பாசிடர் இரண்டுக்கும் இதே 97 அங்குலம், 15 அங்குல ரிம்தான். அவற்றை இந்த அளவு பிரிக்காது, கண்ணால்தான் பிரிக்க வேண்டும். பிளவுக் கண்ணாடி இருப்பதால் உங்கள் படத்தில் அந்தக் குழப்பம் இல்லை.

படம் 2, முன்னால் நிற்பது ஃபியட் 1100. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1954-இல் தொடங்கிய ‘மில்லசென்டோ’ வரிசை. கதவைச் சாத்தியிருந்தாலும் இதைக் கண்டுபிடிக்கலாம்: முன்கதவு, பின்கதவு இரண்டின் கீலும் நடுத்தூணில்தான். அதனால் கைப்பிடிகள் ஒன்றுக்கொன்று எட்டப் போய் நிற்கும், முன்கதவின் பிடி முன்விளிம்பில், பின்கதவின் பிடி பின்விளிம்பில். அதே காலத்து லேண்ட்மாஸ்டர், ஸ்டாண்டர்ட் 8, 10 எதிலும் இந்த அமைப்பு இல்லை. இதே ஃபியட் வரிசையில் 1964-இல் வந்த டிலைட்டில் முன்கதவு வழக்கம்போல் முன்கீலில் திறக்கும். ஆகவே உங்கள் கார் டிலைட்டுக்கு முந்தியது.


நெகடிவ்_டப்பா எழுதியது:

அளக்கும் முன் படத்தைச் சரியாக எடுக்க வேண்டும். நீங்கள் இங்கே ஏற்றியிருப்பது வாட்ஸப்பில் படமாக வந்த கோப்பு என்று பார்த்தாலே தெரிகிறது, கிரில் கம்பிகள் எல்லாம் கட்டம் கட்டமாகக் கரைந்திருக்கின்றன. ஆல்பம் வைத்திருப்பவரிடம் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், சுருக்காமல் வரும்.

ஆறுக்கு ஒன்பது அளவு பிரின்ட் பெரும்பாலும் 120 ஃபிலிமிலிருந்து நேரடியாக ஒட்டி எடுத்த கான்டாக்ட் பிரின்ட். பெரிதாக்காதது, அதனால் விவரம் நிறைய ஒளிந்திருக்கும். ஒரு கணக்கு: பிரின்டின் நீளம் சுமார் மூன்றரை அங்குலம். 1200 டிபிஐ-யில் (பிரின்டின் அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்தால் 4200 பிக்சல். கார் அதில் பாதி இடம் பிடித்தால் 2100. அதை 166 அங்குல நீளத்துக்குப் பங்கிட்டால், அங்குலத்துக்கு 12-13 பிக்சல். மூன்று அங்குல உயர நம்பர் பிளேட் எழுத்து 38 பிக்சல் வரும், படிக்கலாம். இதையே 300 டிபிஐ-யில் எடுத்தால் 10 பிக்சலுக்கும் கீழே, எட்டா மூன்றா என்று தெரியாது. கறுப்பு வெள்ளை என்றாலும் 16 பிட் கிரேஸ்கேலில் எடுத்து டிஃப் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனரில் ஷார்ப்பன், தூசி நீக்கம் இரண்டையும் அணைத்துவிடுங்கள். தூசி நீக்கும் மென்பொருளுக்கு வீல் கப்பின் மினுக்கும் தூசியும் ஒன்றுதான்.

பிரின்ட் பட்டுத்துணி மாதிரி சொரசொரப்பாக இருந்தால் ஸ்கேனர் விளக்கு அந்தப் புள்ளிகளையெல்லாம் வெளிச்சம் போட்டுக் காட்டும். ஒரு தடவை நேராக, ஒரு தடவை 180 பாகை திருப்பி ஸ்கேன் செய்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி மேலடுக்கை 50 சதவீதம் ஒளிபுகச் செய்யுங்கள். விளக்கின் சாய்வு எதிரெதிராக இருப்பதால் சொரசொரப்பு பெருமளவு அடங்கும்.

செயற்கை நுண்ணறிவு வைத்துப் படத்தைத் தெளிவாக்கும் செயலிகள் பக்கமே போகாதீர்கள். முகத்துக்கு அவை ஏதோ செய்யட்டும். காரை அடையாளம் காண அவை நஞ்சு. மங்கலான கிரில்லில் எத்தனை கம்பி என்று அவற்றுக்குத் தெரியாது, தாமாக வரையும். நம்பர் பிளேட்டில் இல்லாத எழுத்தைப் பளிச்சென்று எழுதிவைக்கும். பிறகு நாம் அந்தக் கற்பனையை அளந்துகொண்டிருப்போம்.

இன்னொன்று, ‘கறுப்புக் கார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே தலைப்பில் போடாதீர்கள். அந்தக் காலத்தில் அதிகம் புழங்கிய கோடக் வெரிகுரோம் ஃபிலிம் சிவப்பை உணராத ஆர்த்தோ வகை. அது 1956-இல்தான் எல்லா நிறத்தையும் உணரும் வெரிகுரோம் பான் ஆக மாறியது. ஆர்த்தோவில் மெரூன் காரும் கறுப்புக் காரும் ஒன்றுபோல விழும். அதே படத்தில் இருப்பவர்களைப் பாருங்கள்: உதடு அசாதாரணமாகக் கறுத்து, குங்குமப் பொட்டு மை போல இருந்தால் ஆர்த்தோவாக இருக்க வாய்ப்பு அதிகம். பொட்டை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம், அது சாந்துப் பொட்டாகவும் இருக்கலாம். உதட்டையும் சேலைக் கரையையும் சேர்த்துப் பாருங்கள். ‘அடர்நிறக் கார்’ என்று எழுதினால் பொய்யாகாது.

படம் திருப்பிப் போட்டு அச்சிடப்பட்டதா என்றும் பார்த்துவிடுங்கள். ஸ்டீயரிங் இடப்பக்கம் தெரிந்தால் வெளிநாட்டுக் கார் என்று முடிவு கட்டும் முன், ஆண்களின் சட்டைப் பை இடது மார்பில் இருக்கிறதா, பெண்களின் முந்தானை இடது தோளில் விழுகிறதா பாருங்கள். இரண்டும் வலப்பக்கம் போயிருந்தால் நெகடிவ் திரும்பியிருக்கிறது. முக்காலே மூணுவீசம் நேரம் அதுதான் காரணம்.

ஆல்பத்தில் ஒட்டியிருக்கும் படத்தைப் பிய்க்காதீர்கள். பக்கத்தோடு வைத்து ஸ்கேன் செய்யலாம். தானாகக் கழன்று வந்த படமாக இருந்தால் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், தாளின் பெயர் வெலாக்ஸ், லூபெக்ஸ் என்று மங்கலாக அச்சாகியிருக்கும். பிளாஸ்டிக் பூச்சுத் தாளாக இருந்தால் அது பிற்காலத்தில் போட்ட மறுபிரதி.


பழைய_ஆல்பம் எழுதியது:

மிக்க நன்றி. 1200-இல் ஸ்கேன் செய்து வாங்கிவிட்டோம். படம் 1-இல் சக்கர மையத்திலிருந்து மையம் 1075 பிக்சல். ரிம் அகலம் முன்னால் 183, பின்னால் 179. முன்சீட் மேல்விளிம்பு ஒரே கோடாகத்தான் தெரிகிறது, ஆனால் பாதியை ஒருவர் தலை மறைக்கிறது. சட்டைப் பை இடது பக்கம்தான். நம்பர் பிளேட்டில் இரண்டாவது எழுத்து ‘டி’ மாதிரி இருக்கிறது. இன்னொரு விஷயம்: நடுத்தூணில் ஒரு நீள்வாய் இருக்கிறது, அதோடு முன் மட்கார்டின் மேல் ஓர் உருண்டை விளக்கும் தனியாக முளைத்திருக்கிறது.


ஆயில்_கேன் எழுதியது:

1075-ஐ 181-ஆல் வகுத்தால் 5.94. ஆக்ஸ்ஃபோர்டின் 5.97-க்கு அரை சதவீதம் பக்கத்தில். மைனராக இருக்க ரிம் 190 வந்திருக்க வேண்டும். இரண்டு சக்கரத்திலும் ஒன்பது பிக்சல் தப்பாக அளக்க முடியாது. சீட் கோடும் சேர்ந்து சொல்கிறது. ஆகவே மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு எம்.ஓ உடல். இந்தியப் பதிவு என்பதால் இந்துஸ்தான் 14 என்பதே வலுவான ஊகம். ஆனால் இங்கிலாந்திலிருந்து வந்த ஆக்ஸ்ஃபோர்டும் அந்த ஆண்டுகளில் ஓடியிருக்கலாம் என்பதால் பெயர்த்தகடு தெரியாதவரை ‘இந்துஸ்தான் 14 அல்லது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு’ என்றே எழுதுவேன்.

அந்த நீள்வாய் டிராஃபிகேட்டர் இருந்த இடம். கை போல வெளியே நீண்டு திரும்பும் பக்கம் காட்டும் சாதனம். மட்கார்டின் உருண்டை விளக்கு பிறகு திருகி வைத்த மின்னும் இன்டிகேட்டராகத்தான் தெரிகிறது. டிராஃபிகேட்டரின் காயில் எரிந்தாலோ கை பாதியில் சிக்கிக்கொண்டாலோ சரி செய்வதைவிட இரண்டு விளக்கு வாங்கி மாட்டுவது சுலபம், அதனால் பல கார்களில் இப்படி நடந்தது. மைனரே தொழிற்சாலையில் டிராஃபிகேட்டரைக் கைவிட்டது 1961-இல்தான். ஆகவே உங்கள் படம் கார் புதிதாக வாங்கிய அன்று எடுத்தது அல்ல, சில ஆண்டுகள் ஓடிய பிறகு.

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: கார் ஒரு படத்துக்குத் தருவது ‘இதற்கு முன் இல்லை’ என்ற ஒரு கரையை மட்டும். மறு கரையை நம்பர் பிளேட், தாள், உடை, பின்னணி தரவேண்டும். 1949 மாடல் கார் என்று கண்டுபிடித்ததும் படத்துக்குக் கீழே 1949 என்று எழுதிவிடுகிறார்கள். அந்தக் கார்கள் இருபது வருடம் சாதாரணமாக ஓடின.

நம்பர் பிளேட்டைப் பொறுத்தவரை, எம்-இல் தொடங்கும் மூன்றெழுத்து வரிசை மெட்ராஸ் மாநிலக் காலத்தைச் சேர்ந்தது. 1969-இல் மாநிலத்தின் பெயர் மாறி, டி-இல் தொடங்கும் வரிசைகள் எழுபதுகளில் பரவின. இன்றைய ‘டிஎன் 01’ அமைப்பு 1989-க்குப் பிறகு. கார் கைமாறினாலும் பழைய எண் தொடரும் என்பதால் எம் வரிசை கார் எண்பதுகளின் படத்திலும் வரலாம். அது பதிவான காலத்தைச் சொல்லும், படம் எடுத்த காலத்தைச் சொல்லாது.

படம் 2-இன் பின்னால் இருக்கும் வளைந்த முதுகைப் பெரிய ஸ்கேனில் பார்த்தேன். இரண்டு பேர் போட்டிக்கு: ஸ்டாண்டர்ட் வேன்கார்டின் முதல் வடிவம், அல்லது ஷெவர்லே ஃப்ளீட்லைன். அளவைப் பாருங்கள். ஃபியட் 1100-இன் அகலம் சுமார் 57 அங்குலம், வேன்கார்டு 69, ஷெவர்லே இன்னும் அகலம். அது ஃபியட்டுக்குப் பின்னால், தள்ளி நிற்பதால் நேரடியாக ஒப்பிட முடியாது, ஆனால் அதன் அருகே நிற்பவரின் தோளுக்கு மேல் கூரை நன்றாக உயர்ந்து நிற்கிறது. குட்டையாக, உயரமாக, கூன் போட்ட மாதிரி இருப்பது வேன்கார்டின் குணம். சக்கர இடைவெளி வெறும் 94 அங்குலம். ஷெவர்லேயில் அந்தச் சரிவு நீண்டு படுக்கும். பின்கண்ணாடியும் சின்னதாக இருக்கிறது. 1952 வாக்கில் அதை அகலப்படுத்தினார்கள், ஆக அதற்கு முந்திய கார். 1953-இல் வந்த இரண்டாம் வடிவத்தில் முதுகு போய்த் தனி டிக்கி வந்துவிட்டது. வேன்கார்டு சென்னைக்குச் சொந்தக் கார் மாதிரி. 1948-இல் தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் வண்டலூரில் அதை உருவாக்கியது, பின்னாளில் ஹெரால்டு வந்ததும் அதே இடத்திலிருந்துதான். சென்னைக் கல்யாணப் படத்தில் அது நிற்பது இயல்பு.


கொக்குவில்_ஏ40 எழுதியது:

படம் 3 பற்றி. அண்ணை, யாழ்ப்பாணத்துப் படத்தில் இந்த உருவம் கண்டால் முதலில் மொறிஸ் ஒக்ஸ்போட் எண்டுதான் நினைக்கவேணும். அம்பாசிடருக்கு அச்சு அதுதானே. ஒக்ஸ்போட் மூன்றாம் சீரிஸ் இங்கிலாந்தில் 1956-இல் வந்தது, அதே அச்சை வைத்து இந்துஸ்தான் மோட்டார்ஸின் உத்தரபாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் தொடங்கினது. இங்கிலாந்துக் கார்கள் நேரே கொழும்புக்கு இறங்கின காலம் அது. பானெட்டிலும் பின் மட்கார்டிலும் வித்தியாசம் தேடிப் பயனில்லை, இரண்டும் ஒண்டு. பெயர்த்தகடுதான் சாட்சி.

முதலில் அது மூன்றாம் சீரிஸோ இரண்டாம் சீரிஸோ எண்டு பாருங்கோ. இரண்டாம் சீரிஸ்தான் இந்தியாவில் லேண்ட்மாஸ்டர். அதன் பானெட் மழுமழுப்பு, பின் மட்கார்டு கீழ்நோக்கிச் சரிந்து முடியும். மூன்றாவதில் பானெட்டில் நீளவாக்கில் பள்ளம் விழுந்த மடிப்புகள், பின் மட்கார்டின் நுனி சின்ன வால் போல நிமிர்ந்து நிற்கும். உங்கட படத்தில் வால் தெரியுது. ஆகவே மூன்றாம் சீரிஸ், 1956-க்கு முந்தினது இல்லை.

இலக்கத் தகடும் ஒத்துப்போகுது. இலங்கையில் ஸ்ரீ வரிசை ஐம்பதுகளின் பிற்பாதியில் வந்தது. அதுக்கு முதல் இரண்டு ஆங்கில எழுத்தும் இலக்கமும்தான். படத்தைப் பெரிதாக்கி அந்த ஸ்ரீ சிங்கள எழுத்தோ தமிழ் எழுத்தோ எண்டு கட்டாயம் பாருங்கோ. தமிழ் எழுத்தாக இருந்தால் விஷயம் பெரிது. 1957-58-இல் தமிழரசுக் கட்சி நடத்தின ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டத்தில் சிங்கள ஸ்ரீயை அழித்துத் தமிழில் எழுதிக்கொண்டு கார் ஓட்டினார்கள், அதற்காகத் தண்டனையும் அனுபவித்தார்கள். அப்படியான தகடு தெரியும் படம் குடும்பத்துக்கு மட்டும் உரியது இல்லை, அதைக் கவனமாகப் பாதுகாக்க வேணும். தெளிவாக ஸ்கேன் செய்து இரண்டு மூன்று இடத்தில் வையுங்கோ.

ஸ்ரீக்கு முன்னால் உள்ள இலக்கமும் உதவும். ஒண்டில் தொடங்கி, நான்கு இலக்கம் நிறைஞ்சதும் அடுத்ததுக்குப் போகும். ‘1 ஸ்ரீ’ எண்டால் தொடக்க காலப் பதிவு.

எங்கட பக்கப் படங்களுக்கு இன்னொரு புத்திமதி. இப்ப யாழ்ப்பாணத்தில் ஓடுற காரைப் பார்த்துப் பழைய படத்தை ஒப்பிடாதேங்கோ. சோமர்செற், கேம்பிரிட்ஜ், மைனர் எல்லாம் யுத்த காலத்தில் பெற்றோல் தடை வந்தபோது மண்ணெண்ணெயில் ஓடின கார்கள். பெற்றோலைக் கொஞ்சம் விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடானபிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். உதிரிப்பாகம் வராத காலத்தில் ஒரு காரின் விளக்கு இன்னொரு காருக்கு ஏறும், கிறில்லும் பம்பரும் கிடைச்சதை மாட்டினது. தொழிற்சாலையில் இருந்து வந்த வடிவம் பழைய படத்தில்தான் இருக்கு.

1959-க்குப் பிந்தின படங்கள் இருந்தால் அவை வேறு தொல்லை. பினின்ஃபரீனா வரைஞ்ச ஒரே உடலை ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட், வூல்ஸ்லி, எம்ஜி, ரைலி எண்டு ஐந்து பெயரில் விற்றார்கள். பக்கவாட்டில் நிற்கிற படமெண்டால் ‘ஃபரீனா வகை’ எண்டு எழுதி நிறுத்துங்கோ. முன்பக்கம் தெரிஞ்சால் வூல்ஸ்லியைத்தான் சுலபமாகப் பிடிக்கலாம், நிமிர்ந்த குரோமியக் கிறில், அதன் உச்சியில் இரவில் ஒளிரும் சின்னம். கேம்பிரிட்ஜிலும் ஒக்ஸ்போட்டிலும் பின் வால் உயரமாக, கூராக இருந்தால் 1961-க்கு முந்தின வடிவம், பிறகு அதைக் குறைச்சுப்போட்டார்கள்.


ஆயில்_கேன் எழுதியது:

கொக்குவில் அண்ணன் சொன்ன பாகம் மாற்றும் பழக்கம் இந்தப் பக்கமும் உண்டு. அம்பாசிடர் படங்களில் எல்லோரும் கிரில்லைப் பார்த்து எந்த மார்க் (அதாவது எந்த வடிவம்) என்று சொல்கிறார்கள்: நெருக்கமான சின்னக் கட்டம் என்றால் 1963 வாக்கில் வந்த மார்க் 2, படுக்கைப் பட்டைகளும் தனியாக உருண்டை இன்டிகேட்டரும் என்றால் 1975-இன் மார்க் 3, பெரிய கட்டம் என்றால் 1979-இன் மார்க் 4. புது வண்டிக்கு இது சரி. ஆனால் முன்பக்கம் இடித்தால் கடையில் கிடைத்த கிரில்தான் ஏறும், பழைய வண்டியைப் புதிது போலக் காட்டுவதற்காகவும் மாற்றினார்கள். புதிய கிரில் பழைய வண்டியில் வரும், ஆனால் பழைய கிரில் புதிய வண்டியில் வருவது அபூர்வம். ஆகவே கிரில், படம் எடுத்த காலத்துக்கு நல்ல சாட்சி, வண்டி பிறந்த ஆண்டுக்குச் சுமாரான சாட்சி.

நீங்கள் கேட்ட தலைப்புகளை இப்படி எழுதலாம். படம் 1: ‘இந்துஸ்தான் 14 அல்லது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு எம்.ஓ, அடர்நிறம், பின்னர் இன்டிகேட்டர் பொருத்தியது. ஐம்பதுகளின் நடுவிலோ அதற்குப் பிறகோ எடுத்தது’. படம் 2: ‘ஃபியட் 1100, டிலைட்டுக்கு முந்தியது, பின்னால் ஸ்டாண்டர்ட் வேன்கார்டு முதல் வடிவம், 1954-க்குப் பின்’. படம் 3: ‘மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸ்’, ஸ்ரீ எழுத்தைப் பார்த்தபின் மிச்சம்.


பழைய_ஆல்பம் எழுதியது:

அப்படியே எழுதிக்கொள்கிறோம். படம் 3-ஐ உறவினர் மறுபடி ஸ்கேன் செய்து அனுப்புகிறார், ஸ்ரீ எழுத்து எந்த எழுத்து என்று இங்கேயே போடுகிறேன்.

ஆல்பத்தில் இன்னொரு படமும் அகப்பட்டது: பெரிய அமெரிக்கக் கார், முன்பக்கம் மட்டும். பெரியவர்களில் ஒருவர் டாட்ஜ் என்கிறார், இன்னொருவர் பிளிமத் என்கிறார்.


ஆயில்_கேன் எழுதியது:

இருவரும் ஒரே காரைத்தான் சொல்கிறார்களோ என்னவோ. பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஐம்பதுகளில் ஒரே கிரைஸ்லர் உடலை டாட்ஜ் கிங்ஸ்வே, பிளிமத் சவாய், டிசோட்டோ டிப்ளமேட் என்று மூன்று பெயரில் விற்றது. கதவு, கூரை, கண்ணாடி எதுவும் உதவாது. பானெட் நுனியில் இருக்கும் சின்னம், அதற்குக் கீழே உள்ள எழுத்துகள், கிரில் இந்த மூன்றையும் தனித்தனியாக வெட்டி, சுருக்காமல் ஏற்றுங்கள். நம்பர் பிளேட்டையும் சேர்த்து.